சபை வாலிபால் குழுவில் யாரை ஆட வைப்பது?

கேள்வி:

ஐயா, ஸ்தோத்திரம். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சேகரத்தின் வாலிபர் ஐக்கியச் செயலாளராக இருக்கிறேன். ஆலயத்தை ஒட்டிய மைதானத்தில் சாயங்காலம் வாலிபால் ஆட 30 பிள்ளைகள் வரை வருகிறார்கள். 12 வயதிலிருந்து 18 வயது வரை. பாதிப் பேர் நம் சபைப் பிள்ளைகள் அல்ல. பயிற்சி கொடுக்கும் அண்ணன் பல்கலைக்கழக அணியில் ஆடியவர். பக்கத்து ஊர் விளையாட்டுக் கழகம் நடத்தும் கோப்பைக்காக 8 பேரை மட்டும் எடுத்தார். மற்றவர்கள் பந்து பொறுக்கிக் கொடுக்கிறார்கள். 14 வயதுப் பையன் ஒருவன் இரண்டு வாரம் பந்துப் பையோடு நின்றுவிட்டு இப்போது வருவதே இல்லை. குருவானவர் ஐயாவோ, ஆட்டம் முடிந்ததும் தினமும் கால் மணி நேரம் சுவிசேஷம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சபை இதை ஏன் நடத்த வேண்டும் என்கிறார். அதைக் கேள்விப்பட்டுப் பெற்றோர் இரண்டு பேர் வந்து வருத்தப்பட்டுப் போனார்கள். மூப்பர் ஒருவர், சரீர முயற்சி அற்ப பிரயோஜனமுள்ளது என்று பவுலே எழுதியிருக்கிறார், சபைக் காசை இதில் போடாதீர்கள் என்கிறார். இதற்கு நடுவில் கோப்பையின் இறுதிப்போட்டியை ஞாயிறு காலை 8 மணிக்கு வைத்துவிட்டார்கள். நான் யார் பேச்சைக் கேட்பது?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

கடிதத்தைப் படித்து முடித்ததும் பந்துப் பையோடு நின்ற அந்தப் பையனிடம்தான் என் மனசு போனது. நான் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். சபை வாலிபர் முகாம்களிலும் விளையாட்டுப் பொறுப்பு பார்த்திருக்கிறேன். அந்தப் பையன் எப்படி நின்றிருப்பான் என்று எனக்குத் தெரியும். முதல் நாள் கோட்டுக்கு வெளியே குதித்துக்கொண்டே நிற்பான். பந்து வெளியே போனால் ஓடிப்போய் எடுத்துவருவான். மூன்றாம் நாள் நடந்துபோய் எடுத்து உருட்டிவிடுவான். அப்புறம் பந்து தன் காலடிக்கு வரட்டும் என்று நிற்பான். ஒரு நாள் டியூஷன் இருக்கிறது என்று சொல்லிவிட்டு நின்றுவிடுவான். பெரும்பாலும் யாரும் தேட மாட்டார்கள். நீங்கள் தேடியிருக்கிறீர்கள்.

கோச், குருவானவர், மூப்பர் மூன்று பேருக்கும் பிள்ளைகள்மேல் அக்கறை இருக்கிறது என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. விளையாட்டு எதற்கு என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதிலை மனதில் வைத்துக்கொண்டு, அதை வாய்விட்டுச் சொல்லாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதுதான் சிக்கல். இந்தப் பதில்கள் எதுவும் உங்கள் சேகரத்தில் பிறந்தவை அல்ல. எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் கமிட்டியில் யாரையும் புண்படுத்தாமல் பேசலாம்.

மூப்பருடைய பேச்சு நாலு நூற்றாண்டு பழையது. 1618-ல் இங்கிலாந்து அரசர் முதலாம் ஜேம்ஸ், ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகு மக்கள் சில விளையாட்டுகளை ஆடலாம் என்று அறிக்கை விட்டார். ஓய்வுநாளைக் கண்டிப்பாக அனுசரித்த பியூரிட்டன் கிறிஸ்தவர்களுக்கு அது பொறுக்கவில்லை. 1643-ல் அவர்கள் கை ஓங்கிய பாராளுமன்றம் அந்த அறிக்கையின் பிரதிகளைப் பகிரங்கமாக எரிக்க உத்தரவிட்டது. விளையாட்டு என்றாலே சூதும் குடியும் ஓய்வுநாளைக் கெடுப்பதும்தான் என்ற பயம் பின்னால் வந்த மிஷனெரிகள் பலரோடும் கப்பலேறி உலகம் முழுக்கப் போனது. பயத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நம் ஊர்களிலும் கபடிப் போட்டி முடிந்த ராத்திரி என்ன நடக்கிறது என்று மூப்பர் பார்த்திருப்பார்.

ஆனால் அவர் துணைக்குக் கூப்பிடும் பவுல், கொரிந்துவில் ஒன்றரை வருஷம் தங்கியவர். அந்த ஊருக்குப் பக்கத்தில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இஸ்த்மியப் போட்டிகள் நடந்தன. ஜெயித்தவனுக்குப் பைன் இலையிலோ காய்ந்த செலரித் தழையிலோ ஒரு வளையம் சூட்டுவார்கள். அந்தச் சபைக்கு எழுதிய நிருபத்திலேயே ஓட்டப்பந்தயத்தையும் குத்துச்சண்டையையும் உதாரணமாக வைக்கிறார். விளையாட்டை வெறுக்கிற மனுஷன் அப்படி எழுத மாட்டார். தேவபக்திக்குப் பின்னால் அதை வைத்தார், அவ்வளவுதான். நீங்களும் அங்கேயே வைக்கலாம். இதற்குமேல் மூப்பரோடு வசன விவாதம் வேண்டாம். நெட், பந்து, பல்பு, மின்கட்டணம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி மாதா மாதம் அவரிடமே காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். காசைப் பற்றிக் கேட்பது அவருடைய பொறுப்பு. அதற்கு மரியாதையாகக் கணக்குதான் பதில்.

கோச் அண்ணனின் விஷயம் இன்னும் ஆழமானது. அவரிடம் இரண்டு தத்துவங்கள் கலந்து கிடக்கின்றன.

ஒன்று, 1850-களில் இங்கிலாந்தில் சார்லஸ் கிங்ஸ்லி, தாமஸ் ஹியூஸ் போன்றவர்களால் பரவியது. உடல் வலு, தைரியம், குழுவுக்குக் கட்டுப்படுவது இவையெல்லாம் கிறிஸ்தவ வாலிபனுக்கு வேண்டிய குணங்கள், மைதானம் அவற்றை வளர்க்கும் என்றார்கள். கிறிஸ்தவ வாலிபர் சங்கமான ஒய்.எம்.சி.ஏ.வை 1844-ல் லண்டனில் ஜார்ஜ் வில்லியம்ஸ் தொடங்கியபோது ஜெபமும் வேதபாடமும்தான் அதன் வேலை. பந்து பிறகுதான் உள்ளே வந்தது. அமெரிக்காவில் லூதர் குலிக் என்பவர் ஆவி, மனம், உடல் மூன்றும் சேர்ந்த முக்கோணத்தை அதன் அடையாளமாக்கினார். அவர் பொறுப்பிலிருந்த ஸ்பிரிங்ஃபீல்டு பயிற்சிப் பள்ளியில்தான் ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891 டிசம்பரில் பீச் பழக்கூடை இரண்டைப் பால்கனிக் கம்பியில் மாட்டி, 13 விதிகள் எழுதி, கூடைப்பந்தை உண்டாக்கினார். நெய்ஸ்மித் மான்ட்ரியலில் இறையியல் படித்தவர். ரக்பி ஆடப் போகிறாரே என்று கூடப் படித்தவர்கள் அவருடைய ஆத்துமாவுக்காக ஜெபித்தார்களாம். உங்கள் மூப்பரைப் போன்றவர்கள் அங்கேயும் இருந்திருக்கிறார்கள்.

நம் மாநிலத்துக்கு இது நேராகவே வந்து சேர்ந்தது. ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் 1919-ல் சென்னைக்கு வந்தார். அடுத்த வருஷமே ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கும் கல்லூரி அதுதான். தமிழ்நாட்டில் பி.டி. மாஸ்டர் என்றொரு வேலை ஊர் ஊராகப் பரவியதில் அந்த வளாகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நானும் அந்த மரபில் வந்த ஆசிரியர்களிடம்தான் விசில் ஊதக் கற்றேன்.

இனி உங்கள் மைதானத்துக்கே வருகிறேன். வாலிபாலை உண்டாக்கியவரும் ஒய்.எம்.சி.ஏ.காரர்தான். வில்லியம் மார்கன், 1895, ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் பக்கத்து ஊரான ஹோலியோக். அவரிடம் உடற்பயிற்சிக்கு வந்தவர்களில் நடுவயது வியாபாரிகள் நிறைய. கூடைப்பந்தில் ஓடி இடித்து விழ அவர்களால் முடியவில்லை. அதனால் நடுவே ஒரு வலையைக் கட்டி, ஆள்மேல் ஆள் மோதாத ஓர் ஆட்டத்தை அமைத்தார். ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் வேண்டுமானாலும் நிற்கலாம் என்பது அன்றைய விதி. வேகமாக ஓட முடியாதவர்களை உள்ளே இழுப்பதற்காகப் பிறந்த ஆட்டம் இது. அந்த ஆட்டத்தில் ஒரு 14 வயதுப் பையன், அணியில் இடமில்லை என்று பையோடு வெளியே நின்றான். இதைக் கோச்சிடம் அப்படியே சொல்லுங்கள். வாலிபாலை நேசிப்பவர் அவர், அவருக்கு உறைக்கும்.

அவரிடம் இருக்கும் இரண்டாவது தத்துவம் ஜெயிப்பது. நெய்ஸ்மித்தின் வாழ்க்கையிலேயே இந்த இரண்டும் மோதின. அவர் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து அணிக்குப் பொறுப்பாக இருந்தபோது 55 ஆட்டம் ஜெயித்து 60 ஆட்டம் தோற்றார். அந்தப் பல்கலைக்கழகத்தின் கோச்சுகளில் வெற்றியைவிடத் தோல்வி கூடுதலாக உள்ளவர், அந்த ஆட்டத்தை உண்டாக்கியவர் ஒருவர்தான். அவரிடம் ஆடிய ஃபாக் ஆலன், தான் கோச்சாகப் போகப்போவதாகச் சொன்னபோது, கூடைப்பந்துக்கு எதற்குக் கோச், அது சும்மா ஆடுகிற ஆட்டம்தானே என்று நெய்ஸ்மித் கேட்டாராம். ஆலன் கேட்கவில்லை. திட்டம் போட்டு, பயிற்சி கொடுத்து, வரிசையாக ஜெயித்து, அமெரிக்காவில் கூடைப்பந்துப் பயிற்சியின் தந்தை என்று பெயர் வாங்கினார். இதில் ஆலனைக் குற்றம் சொல்ல மாட்டேன். திறமையுள்ள பிள்ளைக்கு நல்ல பயிற்சி கொடுக்காமல் விடுவதும் அநியாயம்தான். ஆனால் பல்கலைக்கழக அணிக்கு ஆலன் செய்ததை 12 வயதுப் பிள்ளைகளுக்குச் செய்யக் கூடாது. காரணம் ரொம்பவும் எளிது. 13, 14 வயதில் சில பிள்ளைகள் சடசடவென்று வளர்ந்துவிடுவார்கள், சிலருக்கு அந்த வளர்ச்சி இரண்டு வருஷம் தள்ளி வரும். அந்த வயதில் நீங்கள் பொறுக்குவது திறமையை அல்ல, சீக்கிரம் வளர்ந்த உடம்பை. தாமதமாக வளர்கிறவன் வளர்ந்து நிற்கும்போது உங்கள் மைதானத்தில் இருக்க மாட்டான்.

ஜெயிப்பதற்கு நம் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு. ஸ்போர்ட்ஸ் கோட்டா. ஒரு சர்டிஃபிகேட் ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கல்லூரியில் இடமும், போலீஸிலோ ரயில்வேயிலோ வேலையும் வாங்கித் தரலாம். கோச் அண்ணன் மனதில் இது இருந்தால் அது நியாயமான எண்ணம். ஆனால் ஊர்க் கழகம் நடத்தும் கோப்பையின் சர்டிஃபிகேட் அதற்கு உதவாது. உண்மையிலேயே உயரமும் கையும் உள்ள பிள்ளைகள் ஒன்றிரண்டு பேர் இருந்தால், மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலரைப் பார்த்து, விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதித் தேர்வுக்கு அனுப்புங்கள். அங்கே தங்க இடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் உண்டு. அப்படி ஒரு பிள்ளையை அனுப்புவது கோச்சுக்கு இந்தக் கோப்பையைவிடப் பெரிய பெருமை.

மைதானம் குணத்தை வளர்க்கும் என்ற பழைய நம்பிக்கைக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. இது குருவானவருக்கும் சேர்த்துத்தான். ஸ்ரீநகரில் சி.எம்.எஸ். என்ற ஆங்கிலேய மிஷனெரி சங்கத்தின் பள்ளியை நடத்திய டின்டேல் பிஸ்கோ 1891-ல் அங்கே கால்பந்தை அறிமுகம் செய்தார். மாணவர்களில் பெரும்பாலோர் பண்டிதர் என்ற காஷ்மீர் பிராமணர் வீட்டுப் பிள்ளைகள். தோல் பந்தைத் தொட்டால் தீட்டு என்று உதைக்க மறுத்தார்கள். ஆசிரியர்கள் மைதானத்தைச் சுற்றிக் கம்போடு நின்று அவர்களை உதைக்க வைத்தார்கள். ஒரு பையனின் முகத்தில் பந்து பட்டுவிட்டது. தீட்டுப்பட்டுவிட்டேனே என்று அவன் அழுதான். வாய்க்காலுக்குக் கூட்டிப்போய் முகம் கழுவச் சொல்லி, ஆட்டத்தை மறுபடி தொடங்கினார்கள். பிஸ்கோ பல நல்ல காரியங்கள் செய்தவர். அவருடைய மாணவர்கள் நீச்சல் பழகித் தண்ணீரில் விழுந்தவர்களைக் காப்பாற்றினார்கள், தீயணைக்க ஓடினார்கள். காஷ்மீரில் கால்பந்து வேரூன்றியதும் உண்மை. அதனால் இந்தக் கதையை வெற்றிக் கதையாகவே பல இடங்களில் சொல்கிறார்கள். எனக்கு அந்த வாய்க்கால் கரையில் நின்ற பையனைத் தாண்டிப் போக முடியவில்லை. அவன் வீட்டில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த ஒன்றை, அவன் சம்மதம் இல்லாமல், கம்பைக் காட்டி உடைத்தார்கள். நல்ல நோக்கம் இருந்தது என்பதால் அது சரியாகிவிடாது.

உங்கள் மைதானத்தில் கம்பு கிடையாது. ஆனாலும் சுவிசேஷத்தைக் கேட்டால்தான் நாளைக்குப் பந்து என்று ஒரு பிள்ளைக்குத் தோன்றிவிட்டால், அதுவும் வற்புறுத்தல்தான். குருவானவரின் எண்ணத்துக்கும் ஒரு வம்சம் இருக்கிறது. 1954-ல் அமெரிக்காவில் கிறிஸ்தவ விளையாட்டு வீரர்களின் ஐக்கியம் ஒன்று தொடங்கியது. டான் மெக்லானன் என்ற கோச் தொடங்கினார். வீரர்கள் ஷேவிங் கிரீமுக்கு விளம்பரம் கொடுக்கிறார்களே, ஆண்டவரைப் பற்றிச் சொன்னால் என்ன என்பது அவர் வாதம். அதிலிருந்து உலகம் முழுவதும் பரவியதுதான் வீரரின் சாட்சி, ஆட்டத்துக்குப் பிறகு செய்தி என்ற முறை. இதற்கு மறுப்பும் இருந்தது. ஜெயித்தவனை மட்டுமே மேடையேற்றுகிறார்கள், மைதானத்தில் நடக்கும் அநியாயத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை என்று 1976-லேயே ஃபிராங்க் டெஃபோர்டு என்ற பத்திரிகையாளர் தொடர் கட்டுரை எழுதினார். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது.

என் மறுப்பு கொஞ்சம் வேறு. விளையாட்டைத் தூண்டில் புழுவாக்கினால் பிள்ளைகளுக்கு அது தெரிந்துவிடும். பெரியவர்கள் நினைப்பதைவிடச் சீக்கிரம் தெரிந்துவிடும். ஆட்டம் முடிந்து வேர்வையோடு நிற்கும் பிள்ளை, இவ்வளவு நேரம் அண்ணன்மார் நம்மோடு ஆடியது இந்தக் கால் மணி நேரத்துக்காகத்தானா என்று நினைத்துவிட்டால், அதுவரை நடந்த ஆட்டமும் அவனுக்குப் பொய்யாகிவிடும். வருத்தப்பட்டுப் போன பெற்றோர் இரண்டு பேரும் மதச் சண்டை போட வரவில்லை என்றே நினைக்கிறேன். பிள்ளையை வாலிபாலுக்கு அனுப்பினோம், என்ன நடக்கிறது என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லையே என்றுதான் வந்திருப்பார்கள். அது அவர்கள் உரிமை.

சரி, நான் எந்தப் பக்கம் என்று கேட்பீர்கள். பிள்ளை விளையாடுவது அதனளவிலேயே நல்லது. கடவுள் கொடுத்த நல்ல ஈவுகளில் அதுவும் ஒன்று. அதற்குக் கோப்பையோ ஆத்தும அறுவடையோ காரணமாக வேண்டியதில்லை. சகரியா தீர்க்கதரிசி எருசலேம் மீண்டும் எழும் நாளைக் கனவு காணும்போது, தெருவெல்லாம் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருப்பார்கள் என்கிறார். 8-ஆம் அதிகாரம். அந்தப் பிள்ளைகள் விளையாடி எதைச் சாதித்தார்கள் என்று அங்கே ஒன்றும் இல்லை. இத்தாலியின் தூரின் நகரில் தெருப்பிள்ளைகளைக் கூட்டிச் சேர்த்த தோன் போஸ்கோவும் இதைப் புரிந்துகொண்டவர். அவருடைய இல்லங்களில் கோயில், பள்ளி அளவுக்கு மைதானமும் முக்கியம். ஆசிரியர் மைதான ஓரத்தில் நின்று கண்காணிப்பவர் அல்ல. பிள்ளைகளோடு இறங்கி ஆடுபவர். அவர் தொடங்கிய சலேசிய சபையார் 1906-ல் தஞ்சாவூருக்கு வந்தபோது அந்தப் பழக்கத்தையும் கொண்டுவந்தார்கள். நாம் வேறு சபை என்பதால் அதைக் கற்றுக்கொள்ளக் கூடாதா என்ன?

இந்த நோக்கத்தை வைத்துக்கொண்டால் செய்ய வேண்டியவை தானாகத் தெரியும்.

முதலில் மைதானம். 30 பிள்ளைக்கு ஒரு கோர்ட், ஒரு நெட் என்றால் 12 பேர் ஆடுவார்கள், 18 பேர் வேடிக்கை பார்ப்பார்கள். அதனால் நெட்டைக் கொஞ்ச நாள் கழற்றி வைத்துவிட்டு, மைதானத்தின் நீளத்துக்கு ஒரே கயிற்றை இரண்டு கம்பங்களில் இழுத்துக் கட்டுங்கள். தரையில் சுண்ணாம்பால் மூன்று சின்ன கோர்ட் போடுங்கள். பக்கத்துக்கு நாலு பேர். ஒரே நேரத்தில் 24 பேர் ஆடலாம், மீதி 6 பேர் ஐந்து புள்ளிக்கு ஒருமுறை உள்ளே வரலாம். பெரியவர்களுக்கான நெட் உயரம் ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. உங்கள் சின்னப் பிள்ளைகளுக்குக் கயிற்றை இரண்டு மீட்டர் சொச்சத்துக்கு இறக்குங்கள். சர்வீஸை 9 மீட்டர் கோட்டிலிருந்து போடச் சொல்லாதீர்கள். ஐந்தாறு மீட்டரில் நின்று கைக்குக் கீழாகப் போடட்டும். பந்து கயிற்றைத் தாண்டிப் போனதைத் தன் கண்ணால் பார்த்த பிள்ளை மறுநாள் ஒரு அடி பின்னால் போய் நிற்கும், யாரும் சொல்ல வேண்டாம்.

கோச்சுக்கு வாரத்தில் இரண்டு சாயங்காலம் கொடுங்கள், 16 வயதுக்கு மேற்பட்டவர்களை வைத்து முழு வேகத்தில் அணி தயார் செய்யட்டும். மற்ற நாட்கள் எல்லாப் பிள்ளைகளுக்கும். கோப்பைக்குப் போகும் அணியிலும் 8 பேர் வேண்டாம், 12 பேர் போகட்டும். லீக் ஆட்டங்களில் ஒவ்வொருவரும் ஒரு செட்டாவது ஆட வேண்டும் என்று இப்போதே எழுதி வையுங்கள். அமெரிக்காவில் 1995 முதல் சபைகள் வழியாக நடக்கும் அப்வர்டு என்ற பிள்ளைகள் விளையாட்டுத் திட்டத்தில், ஒவ்வொரு பிள்ளையும் குறைந்தது பாதி ஆட்டமாவது ஆட வேண்டும் என்பது அடிப்படை விதி. யார் எப்போது உள்ளே வருவார் என்பது முன்கூட்டியே அட்டவணையில் இருக்கும், கோச்சின் அன்றைய மனநிலையில் இருக்காது. நம் ஊரிலும் இது நடக்கும். ஸ்கோர் நெருக்கமாக இருக்கும்போது அட்டவணைப்படி ஆளை மாற்றுவது கோச்சுக்குக் கஷ்டமாக இருக்கும், அந்த நேரத்தில் நீங்கள் அவர் பக்கத்தில் நில்லுங்கள்.

அந்தப் பையன் வீட்டுக்குக் கோச்சே போக வேண்டும். நீங்கள் கூடப் போகலாம், ஆனால் பேசுவது அவராக இருக்கட்டும். சமாதானப்படுத்தும் பேச்சோ அறிவுரையோ வேண்டாம். நாளைக்குச் சாயங்காலம் மூன்றாவது கோர்ட்டில் உனக்கு இடம் வைத்திருக்கிறேன், வருகிறாயா என்று கேட்டால் போதும். உடனே வராவிட்டால் அடுத்த வாரம் இன்னொரு முறை கேட்கலாம். மூன்றாம் முறை அவன் முடிவுக்கு விட்டுவிடுங்கள்.

குருவானவரிடம் நான் கேட்டுக்கொள்வது இது. ஆட்டம் தொடங்கும்போது ஒரு சின்ன ஜெபம். அது ஆலய மைதானம், யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள், விருப்பமில்லாத பிள்ளை சும்மா நிற்கலாம். வேதபாடத்தைத் தனியாக, சனிக்கிழமை ஏழு மணிக்கோ எப்போதோ, வர விரும்புகிறவர்களுக்கு மட்டும் வையுங்கள். வராத பிள்ளைக்கு ஆட்டத்தில் ஒரு குறையும் வரக் கூடாது. இந்த இரண்டையும் ஒரு தாளில் அச்சடித்து எல்லாப் பெற்றோருக்கும் கொடுங்கள். வருத்தப்பட்ட இரண்டு வீட்டுக்கும் குருவானவரே நேரில் போய்க் கொடுத்தால் இன்னும் நல்லது. ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டால் பெரும்பாலான பெற்றோர் நிம்மதியாகப் பிள்ளையை அனுப்புவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விஷயத்தில் எரிக் லிடெல் பெயரைக் கமிட்டியில் யாராவது கட்டாயம் எடுப்பார்கள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிறன்று வந்ததால் ஓட மறுத்த ஸ்காட்லாந்துக்காரர். 400 மீட்டரில் 47.6 வினாடியில் தங்கம் வாங்கினார். இவ்வளவுதான் பிரசங்கங்களில் வரும். அவர் கடைசி நாளில் திடீரென்று மறுக்கவில்லை. அட்டவணை தெரிந்ததுமே, மாதக்கணக்கில் முன்பாகவே சொல்லிவிட்டார். தனக்காக மட்டும்தான் முடிவெடுத்தார், ஞாயிறன்று ஓடிய மற்ற வீரர்களைக் குறை சொல்லவில்லை. பிறகு சீனாவுக்கு மிஷனெரியாகப் போய், 1943-ல் ஜப்பானியர்களின் வெய்சியன் முகாமில் அடைக்கப்பட்டார். அங்கே வாலிபப் பிள்ளைகளுக்கு விளையாட்டு நடத்திய அவர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடத்த மாட்டேன் என்றார். ஒரு ஞாயிறு, பிள்ளைகள் தாங்களாகவே ஹாக்கி ஆடி அது அடிதடியில் முடிந்தது. அடுத்த ஞாயிறு விசிலோடு மைதானத்தில் நின்றவர் லிடெல்தான். 1945 பிப்ரவரியில், விடுதலைக்குச் சில மாதம் முன்னால், அந்த முகாமிலேயே மூளைக் கட்டியால் இறந்தார். தன் ஒலிம்பிக் பதக்கத்துக்காக வளைக்காத விதியை, முகாம் பிள்ளைகளுக்காக வளைத்த மனுஷன் அவர்.

ஆகவே தம்பி, இன்றைக்கே விளையாட்டுக் கழகத்துக்குக் கடிதம் எழுதுங்கள். இறுதிப்போட்டியை மத்தியானம் மூன்று மணிக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். உங்களைப் போல வேறு சபை அணிகளும் இருக்கும், அவர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். நம் மாவட்டத்தில் இப்படிக் கேட்டால் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். மாற்ற முடியாது என்றால், சபை பெயரில் அணி போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் சபையைச் சேராத பிள்ளைகளை நம் ஓய்வுநாளுக்காகத் தடுப்பது நியாயமில்லை. போக விரும்புகிறவர்கள் ஊர்ப் பெயரில் போகட்டும். சபைப் பிள்ளைகள் வீட்டில் கேட்டு முடிவெடுக்கட்டும். போனவனைத் திங்கட்கிழமை யாரும் கேள்வி கேட்கக் கூடாது. போகாதவனை அணியிலிருந்து எடுக்கவும் கூடாது. அடுத்த வருஷம் பெயர் கொடுப்பதற்கு முன்பே அட்டவணையைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் நீங்கள் எழுதவில்லை. அந்த 30 பேரில் பெண்பிள்ளைகள் எத்தனை பேர்? ஒருவரும் இல்லை என்றால் அதையும் இந்தக் கமிட்டியிலேயே எடுங்கள். கூடைப்பந்து பிறந்த அடுத்த வருஷமே, 1892-ல், செண்டா பெரென்சன் என்ற ஆசிரியை ஸ்மித் கல்லூரிப் பெண்களை ஆட வைத்துவிட்டார். விடுமுறை வேதாகமப் பள்ளி (விபிஎஸ்) நேரத்தில் ஜூஸ் ஊற்றிக் கொடுக்கும் பெண்பிள்ளைகளிடம் ஒரு பந்தைக் கொடுத்துப் பாருங்கள். கயிறு கட்டும் முறையில் அவர்களுக்கு ஒரு கோர்ட் தனியாகவோ சேர்ந்தோ எளிதாகக் கிடைக்கும். சபையில் ஆடத் தெரிந்த அக்கா ஒருவர் மைதானத்தில் கூட இருக்க வேண்டும். ஆண்பிள்ளையானாலும் பெண்பிள்ளையானாலும், வெளியூர் ஆட்டத்துக்குக் கூட்டிப்போகும்போது இரண்டு பெரியவர்கள் இல்லாமல் வண்டி கிளம்பக் கூடாது. பெற்றோரின் போன் நம்பர்களும் முதலுதவிப் பெட்டியும் உங்கள் பையில் இருக்கட்டும்.

கமிட்டி முடிந்ததும் என்ன முடிவானது என்று எழுதுங்கள். கோச் அண்ணனுக்குச் சின்னப் பிள்ளைகளுக்கான பயிற்சி வரிசை வேண்டுமென்றால் அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய பி.டி. மாஸ்டர்